டோபாஸ் கப்பலின் இருபது நாட்கள்

1819ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி ‘டோபாஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் திருகோணமலையிலிருந்து பாய் விரித்துப் புறப்பட்டது. ஒக்டோபர் 29ஆம் திகதி மொரிசியஸ் தீவின் போர்ட் லூயி துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. நவம்பர் நடுப்பகுதி கடந்ததும் அந்த ஊரில் வாந்திபேதி வெடித்தது. சில வாரங்களுக்குள் செத்தவர் தொகை ஆயிரக்கணக்கில் ஏறியது.

வாந்திபேதி வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இந்தத் திகதிகள் புதியவை அல்ல. இந்நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா, காற்றிலும் மண்ணிலும் தானாகவே கிளம்புமா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்தியர்கள் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்டார்கள். அந்த வழக்கில் இரு கட்சிக்காரர்களும் இழுத்து வந்த சாட்சிகளில் டோபாஸும் ஒன்று. ஆனால், கப்பல் வந்து சேர்ந்த துறைமுகத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். அது புறப்பட்ட துறைமுகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தவர் குறைவு. நான் இந்தத் தேடலில் இறங்கியதற்குக் காரணம் அதுதான். ஒரு கண்டத்தின் நோயை இன்னொரு சமுத்திரக் கரைக்கு எடுத்துச் சென்ற பயணம் எங்கள் உள்துறைமுகத்திலிருந்து தொடங்கியதா என்பதை அறியாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

முதல் சிக்கல் துறைமுகத்தின் பெயரிலேயே வந்தது. பிற்காலத்தில், 1830களில் ஐரோப்பாவை வாந்திபேதி எட்டிய பிறகு அவசரமாக அச்சான நூல்கள் சிலவற்றில், டோபாஸ் கல்கத்தாவிலிருந்து வந்ததாக இருக்கிறது. வேறு சில இலங்கை என்று மட்டும் சொல்கின்றன. திருகோணமலை என்று துல்லியமாகச் சொல்பவை இன்னும் சில. கல்கத்தா என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஊகிப்பது கடினமல்ல. 1817 ஓகஸ்ட் மாதம் வங்காளத்தின் ஜெசோரில் கிளம்பிய கொள்ளைநோய் என்பதால், எங்கு பரவினாலும் அதன் வேரை வங்காளத்துக்கே கொண்டுபோய்க் கட்டுவது அக்காலத்து எழுத்தாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. பயணக்கணக்கு வேறு கதை சொல்கிறது. திருகோணமலையிலிருந்து போர்ட் லூயி ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். பாய்மரப் போர்க்கப்பலொன்று இருபது நாளில் கடக்கக்கூடிய தூரம் அது. கீழைக் கடற்படைக்கு அப்போது திருகோணமலைதான் பழுது பார்க்கவும் நன்னீர் ஏற்றவும் ஒதுங்கவும் உரிய இடம். ஒக்டோபர் 9 என்ற புறப்பாட்டுத் திகதியும் இலங்கையோடு சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. கல்கத்தா என்பது நோயின் பிறப்பிடத்தைக் கப்பலின் புறப்பாட்டிடத்தோடு குழப்பியதால் வந்தது என்பதே என் முடிவு.

கப்பலைப் பற்றி ஒரு சொல். டோபாஸ் ஆங்கிலேயர் கட்டிய கப்பலல்ல. 1814 மார்ச்சில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடிபட்ட ‘எத்வால்’ என்ற கப்பலுக்கு வைத்த புதுப்பெயர் அது. ஏறக்குறைய முந்நூறு மாலுமிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கப்பல். பின்னாளில், 1820 டிசம்பரில் செங்கடல் வாயிலில் உள்ள மோக்கா பட்டினத்தைப் பீரங்கியால் தாக்கியதும், 1821இல் சீனாவின் லிண்டின் தீவில் ஊர்மக்களோடு மோதியதும் இதே கப்பல்தான். மருத்துவ வரலாற்றில் அதன் பெயர் நிலைப்பதற்கு அந்த இருபது நாட்களே காரணம்.

இனித் திருகோணமலைக்கு வருகிறேன். நோய் இங்கே எப்படி வந்தது? வங்காளத்திலிருந்து அது படைகளோடும் வணிகர்களோடும் யாத்திரிகர்களோடும் நகர்ந்தது. 1818 ஓகஸ்டில் பம்பாய், ஒக்டோபரில் சென்னை, பிறகு சோழமண்டலக் கரையோரமாகத் தெற்கே. அந்த ஆண்டு முடிவில் பாக்கு நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் தெரிந்தது. 1819இல் கொழும்பு, கண்டி, திருகோணமலை என்று தீவெங்கும் நுழைந்தது. அதே வேளையில் இலங்கையில் வேறொரு பெரும் நடமாட்டமும் இருந்தது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கத் தேசாதிபதி றொபேட் பிரவுன்றிக் இந்தியாவிலிருந்து படைகளை வரவழைத்திருந்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையில் படைக்கப்பல்களும் உணவுத் தோணிகளும் ஓயாமல் போய்வந்த காலம் அது. கிருமிக்கு இதைவிட வாய்ப்பான ஆண்டு அமைந்திருக்காது. கிளர்ச்சியில் பிடிபட்ட கண்டித் தலைவர்கள் சிலர் மொரிசியஸுக்கு நாடுகடத்தப்பட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். திருகோணமலையையும் போர்ட் லூயியையும் இணைத்த பாதை எவ்வளவு பழக்கமான பாதை என்பதற்கு அது சான்று.

ஆனால் வாந்திபேதி போன்ற ஒரு நோய் எங்கள் துறைமுகத்துக்கு முதன்முதலில் 1819இல்தான் வந்ததா? இந்தக் கேள்வி என்னை 1782க்கு இழுத்துச் சென்றது. அந்த ஆண்டு ஜனவரியில் எட்வேர்ட் ஹியூஸ் என்ற கடற்படைத் தளபதி ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதைப் பறித்தார். செப்டம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் மோதின. கோட்டை கைமாறியதற்கு முன்னிருந்த மாதங்களில் ஹியூஸின் கப்பல்கள் இங்கே நின்றபோது, மாலுமிகளிடையே ஒரு நோய் பரவியதைச் சாள்ஸ் கேர்ட்டிஸ் என்ற கப்பல் வைத்தியர் எழுதி வைத்தார். கடுமையான வாந்தி, பேதி, கைகால்களைச் சுருட்டி இழுக்கும் வலிப்பு, குளிர்ந்துபோகும் உடல், சில மணி நேரத்தில் சாவு. அவருடைய நூல் 1807இல் எடின்பரோவில் அச்சானது. ஜெசோருக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே திருகோணமலையில் வாந்திபேதி இருந்தது என்பதற்கு ஆதாரமாக அந்த நூலைக் காட்டியவர்கள் உண்டு.

கேர்ட்டிஸ் கண்டதை அவர் நேர்மையாகவே எழுதினார். ஆனாலும் அறிகுறியை மட்டும் வைத்துக் கிருமியின் பெயரைச் சொல்ல முடியாது. இதற்கு நுண்ணுயிரியல் தரும் ஒரு பாடத்தைப் பார்ப்போம். வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ கிருமியின் உறவினங்கள் கடலோர உவர்நீரில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை கொள்ளைநோயை உண்டாக்காதவை. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற விஞ்ஞானி, கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றுகிறது என்று காட்டினார். அந்த நஞ்சுக்கான மரபணுவைக் கிருமிக்குள் கொண்டு வந்து சேர்ப்பது ஒரு வைரஸ் என்பது 1996இல் தெரியவந்தது. நஞ்சு மரபணு இல்லாத விப்ரியோவும் வயிற்றைக் கலக்கும், ஊரை அழிக்காது. முதலாம் உலகப் போரின்போது, 1916இல், எகிப்தில் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு பிரித்தானியச் சிப்பாயிடமிருந்து எடுத்த விப்ரியோ இங்கிலாந்தின் கிருமிச் சேமிப்பகத்தில் உலர்ந்த நிலையில் நூறாண்டு காத்திருந்தது. 2019இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்துப் பார்த்தார்கள். அதில் கொள்ளைநோய் நஞ்சு இல்லை. வாந்திபேதிக்காரர் என்று பதிவான ஒருவரின் குடலிலிருந்து வந்த கிருமியே இப்படி என்றால், 1782இன் ஒரு விவரணையை வைத்து எதையும் அடித்துச் சொல்லக் கூடாது. 1782க்கும் 1819க்கும் உள்ள வேறுபாடு நோயின் கொடுமையில் இல்லை, நகர்ச்சியில் இருக்கிறது. 1819இல் அது ஊர் ஊராக, மாதம் மாதமாக, வரைபடத்தில் கோடு போடக்கூடிய விதத்தில் நகர்ந்தது. பெரும் பரவலின் அடையாளம் அதுவே.

போர்ட் லூயிக்குப் போவோம். அங்கே தேசாதிபதி பாக்கர் விடுப்பில் போயிருந்தார். பதில் தேசாதிபதியாக இருந்தவர் மேஜர் ஜெனரல் ரால்ஃப் டார்லிங். பின்னாளில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு ஆளுநராகப் போனவர். நோய் உள்ள துறைமுகத்திலிருந்து வரும் கப்பலைத் தனிமைப்படுத்தி நிறுத்தும் விதி மொரிசியஸில் இருந்தது. டோபாஸ் விடயத்தில் அந்த விதியை மீற விட்டார் என்று தீவின் குடியேற்றவாசிகள் டார்லிங் மீது குற்றம் சாட்டினார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் இந்தக் குற்றச்சாட்டைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அரசின் கப்பலுக்கு ஒரு விதி, வணிகக் கப்பலுக்கு இன்னொரு விதி என்ற ஆத்திரம் அதில் தெரிகிறது. வெறும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், 1810இல், தீவு பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயரிடம் கைமாறியிருந்தது. அந்தப் பகையும் இதற்குள் கலந்திருந்தது. ஆகவே குற்றம் சாட்டியவர்களின் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மறுத்தவர்களின் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நேரில் கண்டு எழுதியவர்களில் தலையாயவர் சாள்ஸ் டெல்ஃபேர். அயர்லாந்தின் பெல்பாஸ்ற்றில் பிறந்தவர். கடற்படை வைத்தியராக வந்து மொரிசியஸிலேயே தங்கியவர். பெரிய தாவரவியல் ஆர்வலர். அவருடைய அறிக்கை 1821இல் எடின்பரோ மருத்துவ இதழில் வெளிவந்தது. டெல்ஃபேர் அரசாங்கத்துக்கு நெருங்கிய மனிதர் என்பதையும் சொல்ல வேண்டும். தேசாதிபதி பாக்கரின் அந்தரங்கச் செயலாளராக இருந்தவர். பெல் ஓம்பர் என்ற கரும்புத் தோட்டமும் அதில் உழைத்த அடிமைகளும் அவருக்குச் சொந்தம். சாட்சி எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அவர் எந்த நாற்காலியில் அமர்ந்து எழுதினார் என்று பார்ப்பது சுவடித் தேடலின் முதல் ஒழுக்கம்.

செத்தவர்கள் யார்? அன்றைய மொரிசியஸின் சனத்தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறத்தாழ 80,000 பேர் அடிமைகள். மடகஸ்கார், மொசாம்பிக் கரைகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். நோய் அவர்களைத்தான் அதிகம் கொன்றது. இறந்தவர் தொகைக்கு 6,000 முதல் 20,000 வரை மதிப்பீடுகள் உண்டு. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம், அடிமையின் சாவு ஒரு மனிதரின் சாவாகப் பதிவாகாமல் தோட்டக்காரரின் சொத்து நட்டமாகப் பதிவானதுதான். போர்ட் லூயியின் கிழக்குப் புறத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே ஒரு தமிழர் குடியிருப்பும் இருந்தது. புதுச்சேரியிலிருந்து போன கல்தச்சர்களும் தச்சர்களும் வணிகர்களும் வாழ்ந்த அந்தப் பகுதியை ‘மலபார்கள் முகாம்’ என்று அழைத்தார்கள். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் கப்பலேறியதற்கு முந்தைய தமிழர்கள் அவர்கள். திருகோணமலையிலிருந்து வந்த கப்பல் இறக்கிய நோயின் நடுவே அவர்களும் நின்றார்கள் என்ற நினைப்பு இந்தச் சுவடிகளைப் புரட்டும்போது என்னை விட்டு அகலவில்லை.

நோய் அங்கேயும் நிற்கவில்லை. 1820 ஜனவரியில் பக்கத்திலுள்ள பூர்போன் தீவுக்கு, இன்றைய ரெயூனியனுக்கு, அடிமைகளைக் கள்ளத்தனமாக இறக்கிய கப்பலொன்றின் வழியாகப் போனது. பூர்போன் நிருவாகம் உடனே தலைநகரைச் சுற்றிக் காவல் வளையம் போட்டது. அங்கே இறந்தவர்கள் இருநூறுக்கும் குறைவு. இரண்டு தீவுகள், ஒரே நோய், ஒரே பருவம்; வேறுபட்டது நிருவாகத்தின் செயல். தொற்றுக் கொள்கையை ஆதரித்தவர்கள் இந்த ஒப்பீட்டை ஆயுதமாக எடுத்ததில் வியப்பில்லை.

இனி வழக்கின் மையத்துக்கு வரலாம். டோபாஸ் நோயைக் கொண்டு வரவில்லை என்று வாதிட்டவர்களிடம் வலுவான இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று, துறைமுகத்தை அடைந்தபோது கப்பலில் நோய் ஓய்ந்திருந்தது. இரண்டாவது, கப்பல் வந்ததற்கும் ஊரில் நோய் வெடித்ததற்கும் இடையில் ஏறத்தாழ மூன்று வாரம். நோயாளியைத் தொட்டால் நோய் வரும் என்பது மட்டுமே தெரிந்திருந்த காலத்தில் இவை அசைக்க முடியாத வாதங்கள். கிருமியை நுணுக்குக்காட்டியில் இத்தாலியர் பச்சீனி கண்டு எழுதியதே 1854இல். அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. ஜேர்மனியரான றொபேட் கொக் 1883இல் எகிப்துக்கும் பிறகு கல்கத்தாவுக்கும் வந்து தேடிய பிறகுதான் உலகம் ஒத்துக்கொள்ளத் தொடங்கியது.

இன்று நமக்குத் தெரிந்ததைக் கொண்டு அந்த இரண்டு சான்றுகளையும் எடைபோடுகிறேன். வாந்திபேதிக் கிருமி உடலுக்குள் போனவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது; அல்லது இலேசான வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும். ஆனாலும் ஒரு நாள் முதல் பத்து நாள் வரை அவர்களின் மலத்தில் கிருமி வெளியேறும். கிருமி உட்புகுந்து நோய் தெரிய சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை ஆகும். முந்நூறு பேர் ஒரே தண்ணீர்ப் பீப்பாய்களிலிருந்து குடிக்கும் கப்பலில் இருபது நாள் என்பது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சங்கிலிபோலக் கிருமி கைமாறப் போதுமான காலம். முதலில் விழுந்தவர்கள் இறந்தோ தேறியோ போயிருப்பார்கள். கடைசியில் தொற்றியவர்கள் நல்ல சுகதேகிகளாகக் கரையில் இறங்கியிருப்பார்கள். ‘கப்பலில் நோயாளி இல்லை’ என்பதும் ‘கப்பலில் கிருமி இல்லை’ என்பதும் ஒன்றல்ல.

மூன்று வார இடைவெளியும் இதே வகையில் விளங்குகிறது. நோய் ஊருக்குள் நுழைந்த அன்றைக்கே தெரிவதில்லை. முதல் சில சுற்றுகள் ஓசையில்லாமல் நடக்கும். ஐந்து பேருக்குத் தொற்றினால் ஒருவரோ இருவரோதான் படுக்கையில் விழுவார்கள். அதையும் சாதாரண வயிற்றோட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். பலர் குடிக்கும் ஓடையோ கிணறோ கெட்டுப்போகும் நாளில்தான் அது கொள்ளைநோயாகத் தலைகாட்டும். போர்ட் லூயியில் நவம்பர் மாதம் வெயில் ஏறி மழை தொடங்கும் பருவமும்கூட.

புவியியலும் துணைக்கு வருகிறது. மொரிசியஸ் நடுச்சமுத்திரத்தில் கிடக்கும் தீவு. மடகஸ்கார்கூட எண்ணூறு கிலோமீற்றருக்கு அப்பால். 1819இல் மடகஸ்காரிலோ ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலோ இந்தப் பரவல் இருக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும்தான் இருந்தது. ஆகவே கிருமி கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். கிழக்கிலிருந்து வந்த கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். நோய் தாண்டவமாடிய துறைமுகத்திலிருந்து சரியான நேரத்தில் வந்து, விதியை மீறி ஊரோடு கலந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கப்பல் டோபாஸ். கைவசமுள்ள சான்றுகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை என்று நான் கருதுகிறேன்.

‘எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் நோய் இல்லை’ என்ற வாதம் 1819ஓடு மறைந்துவிடவில்லை. 2010 ஒக்டோபரில் ஹெய்ட்டியில் வாந்திபேதி வெடித்தபோது, ஆர்டிபோனிட் ஆற்றின் கிளையோரம் முகாமிட்டிருந்த ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் நேபாளச் சிப்பாய்கள்மீது சந்தேகம் விழுந்தது. அவர்களில் எவருக்கும் அறிகுறி இல்லை என்பதே அப்போது சொல்லப்பட்ட பதில். பிரெஞ்சு வைத்தியர் ரெனோ பியாரு ஊர் ஊராகப் போய் நோயின் பாதையை வரைந்தார். 2011இல் ஹெய்ட்டிக் கிருமியின் மரபணுத் தொகுதியை நேபாளத்துக் கிருமிகளோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றேயெனத் தெரிந்தது. 2016 டிசம்பரில் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் பத்தாயிரத்தை ஒட்டிய உயிர்கள் போய்விட்டன. ஹெய்ட்டிக்கு ஆறாண்டில் கிடைத்த அந்த ஒரு சொல் போர்ட் லூயியில் செத்த அடிமைகளுக்கு இருநூறாண்டாகியும் கிடைக்கவில்லை.

அதே மரபணு முறையை டோபாஸுக்குப் பயன்படுத்த முடியாதா? இந்தக் கேள்விக்கு அருகில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மூட்டர் அருங்காட்சியகத்தில், 1849இல் வாந்திபேதியால் இறந்த ஒருவரின் குடல் துண்டு கண்ணாடிச் சாடிக்குள் சாராயத்தில் கிடந்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதிலிருந்து கிருமியின் மரபணுத் தொகுதியை மீட்டு 2014இல் வெளியிட்டார்கள். அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வங்காளத்தில் உலாவிய பழைய வகைக் கிருமியின் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. வாந்திபேதி ஆளைக் கொல்லும் வேகத்தில் எலும்பில் தடயம் பதிவதில்லை. குடல் கெடாமல் கிடைத்தால்தான் வழி. ஆகவே 1819ஐப் பற்றிப் பேசும் சாட்சி இன்றைக்கும் காகிதம்தான்.

எந்தக் காகிதம்? இலண்டனுக்கு அருகே கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய சுவடிகள் நிலையம் கடற்படையின் கப்பல் நாட்குறிப்புகளையும், ஆட்பெயர்ப் பதிவேடுகளையும், கப்பல் வைத்தியர்களின் குறிப்பேடுகளையும் தொடர் தொடராக வைத்திருக்கிறது. நாட்குறிப்பில் காற்றின் திசை, ஏற்றிய தண்ணீர், கடலில் இறக்கிய பிணம் எல்லாம் நாள்வாரியாக வரும். பெயர்ப் பதிவேட்டில் இறந்தவன் பெயருக்கு எதிரே ‘டிடி’ என்று இரண்டு எழுத்து விழும். ‘விடுவிக்கப்பட்டவன், இறந்தவன்’ என்பதன் சுருக்கம். எந்த நாளில் எந்தப் பெயருக்கு எதிரே அந்த எழுத்துகள் விழுகின்றன என்று வரிசைப்படுத்தினால், கப்பலுக்குள் நடந்த சங்கிலியை வரைய முடியும். இலங்கைப் பக்கத்தில் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களோடு ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கக் கால ஆவணங்களும் உள்ளன. இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயக் கல்லூரியில் மெதடிஸ்த மிசனின் கடிதங்கள் உள்ளன. மெதடிஸ்த பாதிரிமார் 1814 முதல் இலங்கையில் இருந்தார்கள்.

காகிதங்களிலும் சாதி உண்டு. திருகோணமலைப் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் வாந்திபேதிக்குப் பலியான ஒருவரின் கல்லறை இன்றும் இருக்கிறது. ரியர் அட்மிரல் சாள்ஸ் ஒஸ்டின். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் இறந்தவரைத் திருகோணமலைக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். வெளிநாட்டவர் தேடி வந்து பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் 1819இல் துறைமுகத்தில் தண்ணீர்ப் பீப்பாய் உருட்டியவர்களும், தோணி வலித்தவர்களும், கோட்டைக்குள் சிப்பாய்களுக்குச் சமைத்தவர்களும் அதே நோயில் விழுந்தார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. இராணுவ வைத்திய அறிக்கைகள் சிப்பாயைத்தான் எண்ணின.

இது பழங்கதைதானே, இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு மூன்று சேதிகள் சொல்கிறேன். ஏமனில் 2018இல் கண்டறிந்த ஒரு வாந்திபேதிக் கிருமி வகைக்கு, சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படும் இரண்டு மருந்துகள் உட்படப் பத்து அன்டிபயோட்டிக்குகள் பலிப்பதில்லை. பாரிஸின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் அதன் பாதையைப் பின்தொடர்ந்து வெளியிட்டார்கள்: லெபனான், கென்யா, தான்சானியா, கொமொரோஸ், மயோத். கொமொரோஸுக்கு நோய் 2024 தொடக்கத்தில் தான்சானியாவிலிருந்து வந்த ஒரு பயணிகள் படகோடு வந்தது. டோபாஸ் கடந்த அதே சமுத்திரம். மீண்டும் தீவு, மீண்டும் படகு. 2017இல் அதே நிறுவனம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்கக் கிருமிகளின் மரபணுவை வாசித்து, 1970க்குப் பிறகு ஆபிரிக்காவுக்குள் இந்நோய் குறைந்தது பதினொரு தடவை வெளியிலிருந்து, பெரும்பாலும் ஆசியாவிலிருந்து, புகுந்தது என்று காட்டியது.

இரண்டாவது, கப்பல் சுமக்கும் தண்ணீர். சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் நிற்க அடிவயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் கொட்டிவிடும். 1991, 1992இல் தென் அமெரிக்காவில் வாந்திபேதி நடந்தபோது மெக்சிக்கோ வளைகுடாத் துறைமுகங்களில் 19 கப்பல்களைச் சோதித்தார்கள். ஐந்தில் அந்தக் கொள்ளைநோய்க் கிருமி இருந்தது. 2017 செப்டம்பர் 8ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, கப்பல் கொட்டும் நீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு கிருமிக்கூட்டத்துக்கும் குறைவாகத்தான் நச்சு விப்ரியோ இருக்கலாம் என்று வரம்பு கட்டியது. மாவுக்கும் சீமெந்துக்கும் எண்ணெய்க்கும் கப்பல்கள் வந்துபோகும் திருகோணமலைச் சீனக்குடா இந்த வரம்பின் அருமையை அறிந்திருக்க வேண்டிய இடம்.

மூன்றாவது, குடா. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. உவரும் நன்னீரும் சேரும் அப்படிப்பட்ட நீர் விப்ரியோவுக்கு உவப்பானது. ரீட்டா கொல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, விப்ரியோ கண்ணுக்கெட்டாத நீர்ப்பூச்சிகளில் ஒட்டிக்கொண்டு வாழும் என்று காட்டினார். அந்தப் பூச்சிகளை வடித்துவிட்டால் கிருமியும் குறையும் என்பதால், பங்களாதேசின் மத்லாப் கிராமங்களில் பழைய சேலைத் துணியை நாலாய் மடித்துத் தண்ணீர் வடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். 2003இல் வந்த முடிவுப்படி நோய் 48 வீதம் குறைந்தது. 2004 டிசம்பர் கடல்கோளுக்குப் பின் மூதூரிலும் கிண்ணியாவிலும் எங்கள் கரை முழுவதிலும் வாந்திபேதி கிளம்பும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். சுத்தமான தண்ணீர் விரைந்து வந்து சேர்ந்தது. கொள்ளைநோய் வரவில்லை. சுகாதாரப் பரிசோதகர்களும் தண்ணீர் வண்டி ஓட்டியவர்களும் செய்த அந்த வேலை வரலாற்றில் எழுதப்பட வேண்டியது.

வாசகரிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். 1818 சித்திரை முதல் வெகுதானிய ஆண்டு. 1819 சித்திரை முதல் பிரமாதி ஆண்டு. டோபாஸ் புறப்பட்டது பிரமாதி புரட்டாசிக் கடைசியில். திருகோணமலை, தம்பலகாமம், மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கங்களில் உங்கள் வீட்டுப் பெட்டியிலோ, கோயில் கணக்கிலோ, பள்ளிவாசல் பதிவிலோ, தேவாலய அடக்கப் புத்தகத்திலோ அந்த இரண்டு ஆண்டுகளின் பெயர் தாங்கிய ஓலையோ காகிதமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். காணி உறுதியில் ‘பேதியில் இறந்தார்’ என்ற ஒரு வரிகூடப் போதும். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தினரிடமோ அருகிலுள்ள பொதுநூலகத்திலோ காட்டுங்கள். கப்பலில் போனவர்களின் கணக்கு கியூவில் கிடைக்கும். கரையில் நின்றவர்களின் கணக்கை நாம்தான் தேடித் தர வேண்டும்.